பெரிய எண் பகா எண்தானா? எந்தச் சோதனையை எப்போது எடுப்பது

ஒரு பெரிய எண் கையில் இருக்கிறது. அது பகா எண்தானா என்று தெரிய வேண்டும். தேடினால் ஏழெட்டுச் சோதனைகளின் பெயர்கள் வருகின்றன. ஒருவர் மில்லர்–ராபின் போதும் என்கிறார். இன்னொருவர் அது வெறும் நிகழ்தகவுதான், நிரூபணம் வேண்டும் என்கிறார். மூன்றாமவர் ஏகேஎஸ் வந்த பிறகு மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார். மூவரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேள்வி எது என்று தெளிவானாலே தேர்வில் பாதி முடிந்துவிடும்.

பேச்சு வெறும் கோட்பாடாகப் போய்விடாமலிருக்க, முடிந்தவரை ஒரே எண்ணின் மீது சோதனைகளை ஓட்டிப் பார்ப்போம்:

1000000000000066600000000000001

31 இலக்கங்கள். ஓரங்களில் 1, நடுவில் 666, இடையில் இருபுறமும் 13 சுழியங்கள். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். பெல்பெகோர் பகா எண் என்று இதை அழைக்கிறார்கள். பேய்ப் பெயரை விட்டுவிடலாம், நமக்கு வேண்டியது வடிவம்: 10³⁰ + 666 × 10¹⁴ + 1. இனி இதை ‘பெ’ என்று குறிப்போம். பொதுவாகச் சோதிக்கப்படும் எண்ணை ‘ந’ என்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பதிலின் தரம். “இது பகு எண்” என்ற பதில் கீழே வரும் எல்லாச் சோதனைகளிலும் முழு உறுதியானது. வேறுபாடு “இது பகா எண்” என்ற பதிலில்தான். சில சோதனைகளில் அது நிரூபணம். சிலவற்றில் “இதுவரை மாட்டவில்லை” என்பது மட்டுமே.

எண் எங்கிருந்து வந்தது. நீங்களே தற்செயலாக உருவாக்கிய எண்ணும், முன்பின் தெரியாத ஒருவர் நீட்டும் எண்ணும் ஒன்றல்ல. பலர் கோட்டைவிடும் அளவுகோல் இதுதான்.

ந − 1, ந + 1 ஆகியவற்றின் காரணிகள். ஓர் எண்ணை நிரூபிப்பது எளிதா கடினமா என்பதைப் பல சமயம் அதன் பக்கத்து எண்கள் முடிவு செய்கின்றன.

இலக்கம் கூடும்போது நேரம் எப்படிக் கூடுகிறது. 30 இலக்கத்தில் எல்லாமே வேகம்தான். 3,000 இலக்கத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சான்றிதழ். உங்கள் கணினியையோ நிரலையோ நம்பாத ஒருவர், முழு வேலையையும் மறுபடி செய்யாமல் உங்கள் முடிவைச் சரிபார்க்க முடியுமா?

இவற்றோடு மறைச் செலவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நிரல் எழுதும்போது வழுக்கும் இடங்கள், வன்பொருள் பிழை, காரணிப்படுத்த வேண்டிய வேலை.

## வகுத்துப் பார்த்தல்

வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 10¹² வரையிலான எண்ணுக்கு 10 லட்சத்துக்குக் கீழுள்ள 78,498 பகா எண்கள் போதும். அங்கே இதைவிட எளிய வழி தேவையில்லை, கிடைக்கும் பதிலும் நிரூபணம். பெ-யின் வர்க்கமூலம் ஏறக்குறைய 10¹⁵. அதற்குக் கீழே சுமார் 30 லட்சம் கோடி பகா எண்கள் உள்ளன. விநாடிக்குப் பத்துக் கோடி வகுத்தல் செய்தாலும் மூன்றரை நாள் ஆகும், அதுவும் அந்தப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தால். இலக்கம் இரண்டு கூடினால் வேலை ஏறத்தாழ பத்து மடங்கு.

ஆனாலும் இதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் வாசலில் நிற்க வேண்டிய காவலாளி இதுதான். 1,000-க்குக் கீழுள்ள 168 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே, தற்செயலாக எடுத்த எண்களில் சுமார் 92 விழுக்காடு அங்கேயே விழுந்துவிடும்.

## ஃபெர்மா சோதனை

ந பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த ‘அ’-வையும் (இதுதான் அடிமானம்) ந − 1 அடுக்குக்கு உயர்த்தி ந-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் பகு எண். பெ-க்கு இது ஏறக்குறைய 100 வர்க்கப்படுத்தல்தான். அது 100 பிட் எண்.

குறை எல்லோருக்கும் தெரிந்தது. 341 = 11 × 31, ஆனால் அடிமானம் 2-இல் அது தப்பிவிடுகிறது. 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம்: தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்திலும் தப்பும். இப்படிப்பட்ட கார்மைக்கேல் எண்கள் முடிவின்றி உள்ளன என்று ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் 1994-இல் நிரூபித்தார்கள். ஆகவே சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போவதால் இந்த ஓட்டை அடைபடாது. அதே செலவில் மில்லர்–ராபின் கிடைக்கும்போது, பொதுப் பயன்பாட்டுக்கு இதைத் தனியாக எடுக்கக் காரணமே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு மெர்சென் எண் (2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்) தேடல். அது பின்னால் வருகிறது.

## மில்லர்–ராபின்

நடைமுறையில் பெரும்பாலானோர் நிற்கும் இடம் இது. ந − 1-இலிருந்து 2-இன் அடுக்குகளை எல்லாம் பிரித்தெடுத்து, மீதமுள்ள ஒற்றை எண்ணை அடுக்காக வைத்து ‘அ’-வை உயர்த்துவது முதல் படி. பிறகு ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திக்கொண்டே போவது. பகா எண்ணாக இருந்தால் முதல் மதிப்பே 1 ஆக இருக்க வேண்டும், அல்லது வழியில் எங்காவது −1 (அதாவது மீதி ந − 1) வர வேண்டும். காரணம்: பகா எண்ணை வகுக்கும் எண்ணாக வைத்தால் 1-க்கு 1, −1 தவிர வேறு வர்க்கமூலம் கிடையாது.

561-ஐ அடிமானம் 2-இல் பார்ப்போம். 560 = 2⁴ × 35. 2³⁵-ஐ 561-ஆல் வகுத்தால் மீதி 263. வர்க்கப்படுத்தினால் 166, பிறகு 67, பிறகு 1. ஃபெர்மா சோதனை கடைசி 1-ஐ மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டது. இங்கே அதற்கு முன்னால் 67 நிற்கிறது: 1-க்கு ஒரு திருட்டு வர்க்கமூலம். அதுமட்டுமல்ல, 67 − 1 = 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 33; ஒரு காரணியே கையில் கிடைத்துவிட்டது.

ஒற்றைப் பகு எண் எதுவாக இருந்தாலும், அது ஏமாற்றக்கூடிய அடிமானங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. 40 சுற்றுகளில் தப்பும் வாய்ப்பு 2⁸⁰-இல் ஒன்று. இந்த வரம்பு மிக மோசமான எண்ணுக்கானது. தற்செயலாக எடுத்த 1024 பிட் ஒற்றை எண் ஒரே ஒரு சுற்றில் தேறினாலே, அது பகு எண்ணாக இருக்கும் வாய்ப்பு 2⁴⁰-இல் ஒன்றுக்கும் குறைவு, அதாவது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. தாம்கோர், லாண்ட்ராக், பொமரன்ஸ் 1993-இல் தந்த சூத்திரத்திலிருந்து இது வருகிறது. ஆனால் இது எண்ணும் அடிமானமும் இரண்டுமே தற்செயலாக எடுக்கப்பட்டால் மட்டும்தான்.

சிறிய எண்களில் இதே சோதனை நிரூபணமாகவும் மாறும். 3,21,50,31,751-க்குக் கீழே 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்கள் போதும். 64 பிட் எண்கள் அனைத்துக்கும் 2 முதல் 37 வரையுள்ள முதல் 12 பகா எண்கள் போதும். 41-ஐயும் சேர்த்துக்கொண்டால் சுமார் 3.3 × 10²⁴ வரை போகலாம். பெ இந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது.

இனி வழுக்கும் இடங்கள்.

முதலாவது, பெருக்கல் வழிதல். 64 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் விடை 128 பிட். இதைக் கவனிக்காத நிரல் சிறிய எண்களில் ஒழுங்காக ஓடி, 32 பிட்டைத் தாண்டியதும் சத்தமில்லாமல் தப்பு விடை தரும். உண்மையான பகா எண்ணைப் பகு எண் என்று சொல்வதுதான் வழக்கமான அறிகுறி.

இரண்டாவது, சுழற்சி ஒன்று குறைவது. பெ − 1 = 2¹⁵ × ஒற்றை எண். அடிமானம் 3-ஐ எடுத்தால் −1 முதல் மதிப்பில் வராது. 14 முறை வர்க்கப்படுத்திய பிறகு, கடைசி வாய்ப்பில்தான் வரும். 13-இல் நிறுத்திவிடும் நிரல் இந்தப் பகா எண்ணைப் பகு எண் என்று அறிவித்துவிடும். ந − 1-ஐ 2-ஆல் ஒருமுறை மட்டுமே வகுக்க முடிகிற எண்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. நிரலைச் சரிபார்க்க பெ நல்ல எண் என்பது இதனால்தான்.

மூன்றாவது, ந-ஐவிட அடிமானம் பெரிதாகவோ சமமாகவோ இருப்பது. ந = 37, அடிமானமும் 37 என்றால் மீதி சுழியமாகி, பகா எண் தோற்றுவிடும். இப்படிப்பட்ட அடிமானத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

நான்காவதுதான் பெரிய ஆபத்து: நிலையான அடிமானங்கள். எந்த அடிமானங்கள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் அவற்றுக்கேற்ற பகு எண்ணைச் செய்து தர முடியும். அர்னோ 1995-இல் 397 இலக்கப் பகு எண் ஒன்றைக் கட்டிக் காட்டினார். 307-க்குக் கீழுள்ள எந்தப் பகா எண்ணை அடிமானமாக வைத்தாலும் அது தேறும். வெளியார் தரும் எண்ணுக்கு அடிமானங்களை நல்ல தற்செயல் மூலத்திலிருந்து அந்த நேரத்தில் எடுங்கள். சுற்றுகளைக் கஞ்சத்தனமின்றி வையுங்கள்.

## பெய்லி–பிஎஸ்டபிள்யூ

அடிமானம் 2-இல் ஒரு மில்லர்–ராபின், அதன்பின் லூகா தொடர் வகைச் சோதனை ஒன்று. இரண்டிலும் தேறினால் பகா எண் என்று கொள்வது. 1980-இல் உருவானது. செலவு ஏறத்தாழ மூன்று மில்லர்–ராபின் சுற்றுகள். தற்செயல் மூலம் எதுவும் வேண்டாம், ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடை.

2⁶⁴-க்குக் கீழே ஒரு தவறுகூட இல்லை என்பது முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது. அந்த எல்லைக்குள் இது நிரூபணத்துக்குச் சமம். அதற்கு மேலேயும் இதை ஏமாற்றும் எண் எதுவும் இதுவரை தெரியவில்லை. ஆனால் அப்படிப்பட்ட எண்கள் முடிவின்றி இருக்க வேண்டும் என்று பொமரன்ஸ் 1984-இல் வாதிட்டார். எவரும் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை, பிடிக்க முடியாது என்று எவரும் நிரூபிக்கவில்லை என்பதும் உண்மை. கணித மென்பொருள்கள் பலவற்றின் “பகா எண்ணா” கட்டளைக்குப் பின்னால் இருப்பது இதுதான். பாரி ஜிபி என்ற கணித மென்பொருளில் இரண்டு தனித்தனிக் கட்டளைகள் உண்டு: ‘போலிப் பகா’ வகைக் கட்டளை இந்தச் சோதனையோடு நின்றுவிடும், மற்றது நிரூபணம் வரை போகும். எதை அழைத்தோம் என்று பார்க்காமல் “மென்பொருள் நிரூபித்துவிட்டது” என்று எழுதிவிடுபவர்கள் நிறைய.

நிரலில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. லூகா பகுதிக்கு யாக்கோபிக் குறி (ஓர் எண்ணையும் ந-ஐயும் வைத்துக் கணக்கிடும் 1, 0, −1 என்ற மதிப்பு) −1 வரும் ஓர் எண்ணைத் தேட வேண்டும். ந முழு வர்க்கமாக இருந்தால் அப்படி ஓர் எண் கிடைக்கவே கிடைக்காது. தேடல் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முழு வர்க்கத்தை அடிமானம் 2 சோதனையே வடிகட்டிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் வடிகட்டும். ஆனால் 1093² = 11,94,649, 3511² = 1,23,27,121 ஆகிய இரண்டும் அங்கே தேறிவிடுகின்றன. ஆகவே லூகா பகுதிக்குள் நுழையும் முன் முழு வர்க்கமா என்று பாருங்கள்.

## ந − 1-ஐ உடைத்து நிரூபித்தல்

இங்கிருந்து நிரூபணங்கள். பொக்லிங்டன் 1914-இல் தந்த தேற்றம்: ந − 1-இன் ஒரு பகுதியை (அதைக் ‘கா’ என்போம்) முழுதாகக் காரணிப்படுத்திவிட்டீர்கள், அது ந-இன் வர்க்கமூலத்தைவிடப் பெரிது என்று வையுங்கள். கா-வின் ஒவ்வொரு பகாக் காரணி ‘ப’-வுக்கும் ஓர் ‘அ’ கிடைக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள்:

1. அ-வை ந − 1 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1.
2. அ-வை (ந − 1)/ப அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால், அதற்கும் ந-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 1.

ஒவ்வொரு ப-வுக்கும் வேறு வேறு அ இருக்கலாம். எல்லாம் கிடைத்துவிட்டால் ந பகா எண்தான்.

பெ-யிடம் வருவோம். பெ − 1 = 10¹⁴ × (10¹⁶ + 666). அடைப்புக்குள் இருப்பது இரட்டை எண்; பிரித்தால் பெ − 1 = 2¹⁵ × 5¹⁴ × (5 × 10¹⁵ + 333). கடைசி அடைப்பைத் தொடாமலேயே நமக்குக் கிடைத்த கா = 2¹⁵ × 5¹⁴ = 2 × 10¹⁴. பெ-யின் வர்க்கமூலமோ 10¹⁵-க்குச் சற்று மேல். ஐந்து மடங்கு குறைகிறது!

இங்கே பலர் அந்த 16 இலக்க மீதியை உடைக்கக் கிளம்பிவிடுவார்கள். தேவையில்லை. பிரில்ஹார்ட், லேமர், செல்ஃபிரிட்ஜ் 1975-இல் இந்த வரம்பைக் கனமூலத்துக்கு இறக்கினார்கள். பெ-யின் கனமூலம் 10¹⁰ அளவுதான், நம் கா அதைவிட எவ்வளவோ பெரிது. கூடுதலாக ஒரே ஒரு சரிபார்ப்பு: ந-ஐக் கா-வின் அடுக்குகளில் எழுதி, கா²-இன் கெழுவை ‘மே’ என்றும் கா-வின் கெழுவை ‘இ’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இ² − 4 × மே முழு வர்க்கமாக இருக்கக் கூடாது.

பெ = 25 × கா² + 333 × கா + 1

சரிபார்த்துக்கொள்ளலாம்: 25 × 4 × 10²⁸ = 10³⁰; 333 × 2 × 10¹⁴ = 666 × 10¹⁴. ஆகவே 333² − 4 × 25 = 1,10,889 − 100 = 1,10,789. 332² = 1,10,224, 333² = 1,10,889; இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, முழு வர்க்கமல்ல. கைக்கணக்கில் முடிந்துவிட்டது.

மீதியுள்ளது 2-க்கும் 5-க்கும் ஓர் அ தேடுவது. 2-க்கு அடிமானமாக 2-ஐ எடுத்தால் உதவாது, 5-உம் உதவாது. பெ-யை 8-ஆல் வகுத்தாலும் 5-ஆல் வகுத்தாலும் மீதி 1 வருவதால், அவை இரண்டும் பெ-யின் கணக்கில் வர்க்க எண்கள்; பாதி அடுக்கிலேயே மீதி 1 வந்து இரண்டாம் நிபந்தனை தோற்றுவிடும். 3 உதவும். காரணி 5-க்கு ஒன்றொன்றாக முயன்று பாருங்கள். ஓர் அடிமானம் தோற்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான், காரணி 2-க்கோ இரண்டில் ஒன்று. இரண்டாம் நிபந்தனையில் மீப்பெரு பொதுக் காரணி ந-ஆகவே வந்தால் அடிமானத்தை மாற்றுங்கள். 1-க்கும் ந-க்கும் இடையில் ஏதாவது வந்தால் வேலையை நிறுத்தலாம், ந பகு எண், காரணியும் கிடைத்துவிட்டது.

பொக்லிங்டனின் தனி வடிவம் ப்ரோத் தேற்றம்: ஒற்றை எண்ணை அதைவிடப் பெரிய 2-இன் அடுக்கால் பெருக்கி 1-ஐக் கூட்டிய எண்களுக்கு ஒரே ஓர் அடுக்கேற்றம் போதும், பாதி அடுக்கில் −1 வந்தால் நிரூபணம். 10223 × 2³¹¹⁷²¹⁶⁵ + 1 என்ற எண் 2016-இல் இந்த வழியில்தான் நிரூபிக்கப்பட்டது, 93,83,761 இலக்கங்கள்.

மறைச் செலவு வெளிப்படையானது: ந − 1 உடைய வேண்டும். தற்செயலான 300 இலக்க எண்ணில் சிறு காரணிகளை எடுத்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் உடைக்க முடியாத பெரும் பகு எண். கா-வுக்குள் ஒரு பெரிய பகா எண் இருந்தால் அதையும் தனியாக நிரூபிக்க வேண்டும். அதன் − 1-ஐ உடைக்க வேண்டும். அப்படியே கீழே கீழே போகும். இன்னொன்றும் உண்டு. ந − 1 முழுக்கச் சிறு காரணிகளாக உடைகிற எண் நிரூபிக்க எளிது. அதே காரணத்தால் ஆர்எஸ்ஏ குறியாக்கச் சாவியில் வைத்தால், காரணி கண்டுபிடிக்கும் பொலார்டின் ப − 1 முறைக்கு எளிதில் இரையாகும். நிரூபிக்க வசதியான எண்ணைச் சாவிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

## லூகா–லேமர்: மெர்சென் எண்களுக்கு மட்டும்

ந + 1 என்பது 2-இன் அடுக்காகவே இருந்தால் வேலை மிகச் சுருக்கம். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து மீதி எடுக்க வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் சுழியம் வந்தால் பகா எண். 2⁷ − 1 = 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. ஐந்து படிகள், முடிந்தது. விடை இரு பக்கமும் உறுதி: சுழியம் என்றால் பகா, இல்லையென்றால் பகு.

2024 அக்டோபரில், மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் கூட்டுத் திட்டம் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 (4,10,24,320 இலக்கங்கள்) கடைசியில் இந்தச் சோதனையால்தான் உறுதியானது. ஆனால் தேடலின் முதல் கட்டத்துக்கு அவர்கள் இப்போது லூகா–லேமரைப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 13.6 கோடிக்கும் மேற்பட்ட வர்க்கப்படுத்தல்களில் நினைவகத்தின் ஒரு பிட் ஒருமுறை புரண்டாலும் கடைசி விடை குப்பை, அது குப்பை என்று விடையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் இரண்டாம் முறை முழுதாக ஓட்ட வேண்டியிருந்தது. அடிமானம் 3-இல் ஃபெர்மா வகைச் சோதனை ஓட்டினால், கெர்பிச் தந்த பிழைச் சரிபார்ப்பை இடையிடையே மிகக் குறைந்த செலவில் சேர்க்கலாம். தவறு நடந்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பலாம். அதில் தேறுபவற்றுக்கு மட்டும் லூகா–லேமர். அடிமானம் ஏன் 2 அல்ல? அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எந்த மெர்சென் எண்ணும் அடிமானம் 2-இல் தானாகத் தேறிவிடும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89 கூட.

## நீள்வட்ட வளைவு நிரூபணம் (ஈசிபிபி)

ந − 1-உம் உடையவில்லை, ந + 1-உம் உடையவில்லை. இந்த நிலையில் எடுப்பது இது. கோல்ட்வாசரும் கிலியனும் 1986-இல் கருத்தைத் தந்தார்கள்; அட்கினும் மொரேனும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பொக்லிங்டனில் நமக்கிருந்தது ஒரே ஓர் எண், ந − 1. அது உடையாவிட்டால் கதை முடிந்தது. நீள்வட்ட வளைவு என்பது ஒருவகை முப்படிச் சமன்பாடு; ந-ஆல் வகுத்த மீதிகளில் அதற்குள்ள தீர்வுகளே புள்ளிகள். ந பகா எண் என்றால் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை ந + 1-க்கு இருபுறமும் 2√ந தூரத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஒரு வளைவின் எண்ணிக்கை உடையாவிட்டால் அடுத்த வளைவு. சிறு காரணிகளும் ஒரு பெரிய (அநேகமாகப்) பகா எண்ணுமாக உடையும் வளைவு ஒன்று கிடைத்ததும், கேள்வி அந்தச் சற்றே சிறிய எண்ணுக்கு மாறுகிறது. இப்படியே இறங்கிக்கொண்டே போய், வகுத்துப் பார்த்தாலே தெரியும் அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம். ஒவ்வொரு படியின் வளைவும் புள்ளியும் சேர்ந்ததுதான் சான்றிதழ். அதைச் சரிபார்ப்பது, கண்டுபிடிப்பதைவிடப் பல மடங்கு வேகம்.

பெ-க்கு இது கண்ணிமைக்கும் நேரம். வேகமான வடிவத்தில் இலக்கம் இரட்டித்தால் நேரம் சுமார் 16 மடங்கு கூடும். ஆயிரம் இலக்கத்திலிருந்து பத்தாயிரத்துக்குப் போனால் பத்தாயிரம் மடங்கு. 86,453 ஒன்றுகளை வரிசையாக எழுதிய எண் பகா எண் என்று 2023-இல் இந்த வழியில் நிரூபிக்கப்பட்டது. அதற்குப் பெரும் கணிப்பொறித் தொகுதியே வேண்டும். மேசைக் கணினிக்குச் சில ஆயிரம் இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதன் மறைச் செலவு நிரலின் சிக்கல். இதை நீங்களே எழுத முனையாதீர்கள். இருக்கும் மென்பொருளை எடுத்து, சான்றிதழை வேறொரு நிரலால் சரிபாருங்கள். எப்போது முடியும் என்பதற்கு நிரூபிக்கப்பட்ட வரம்பு கிடையாது. நடைமுறையில் அது யாரையும் தடுத்ததில்லை.

## ஏகேஎஸ்

கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002 ஆகஸ்டில் வெளியிட்டது. எந்த எண்ணுக்கும் பொருந்தும், தற்செயல் தேவையில்லை, நிரூபிக்கப்படாத கருதுகோள் எதையும் நம்பவில்லை, நேரம் இலக்கங்களின் பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்கும். இந்த நான்கும் ஒன்றாகக் கிடைத்தது அதுவே முதல் முறை. 2006-இல் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடெல் பரிசு பெற்றார்கள். கோட்பாட்டில் அது ஒரு மைல்கல், சந்தேகமில்லை.

வேலைக்கு எடுத்தால்? பெ-யையே பாருங்கள். மில்லர்–ராபினில் ஒரு சுற்று என்பது ஒரு 100 பிட் எண்ணை நூறு முறை வர்க்கப்படுத்துவது. ஏகேஎஸ்ஸில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாகப் பல்லுறுப்புக் கோவை. அதில் குறைந்தது பத்தாயிரம் அளவில் கெழுக்கள், ஒவ்வொன்றும் 100 பிட் வரை. அதை நூறு முறை வர்க்கப்படுத்த வேண்டும். இந்த முழு வேலையையும் ஏறத்தாழ பத்தாயிரம் வேறு வேறு மாறிலிகளுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். 31 இலக்கத்துக்கே இந்தப் பாடு. ஈசிபிபி இருக்கும்போது நடைமுறையில் ஏகேஎஸ்ஸை எடுக்க வேண்டிய எண் எதுவும் கிடையாது. பாடம் நடத்த, கோட்பாடு புரிய, சிறிய எண்களில் எழுதிப் பார்க்க அருமையானது.

## ஒரே பார்வையில்

| சோதனை | “பகா” என்ற பதிலின் தரம் | எந்த எண்ணுக்கு | சான்றிதழ் | மறைச் செலவு |
|---|---|---|---|---|
| வகுத்தல் | நிரூபணம் | 10¹² வரை வசதி | தேவையில்லை | இரண்டு இலக்கம் கூடினால் பத்து மடங்கு |
| ஃபெர்மா | பலவீனம் | எதற்கும் | இல்லை | கார்மைக்கேல் எண்கள் |
| மில்லர்–ராபின் | நிகழ்தகவு. 64 பிட்டுக்குள் நிரூபணம் | எதற்கும் | இல்லை | தற்செயல் மூலம், நிலையான அடிமானம் |
| பெய்லி–பிஎஸ்டபிள்யூ | 2⁶⁴ வரை உறுதி. மேலே எதிர்க்காட்டு தெரியாது | எதற்கும் | இல்லை | முழு வர்க்கச் சரிபார்ப்பு |
| ந − 1 முறை | நிரூபணம் | ந − 1 உடைந்தால் | உண்டு, சிறியது | காரணிப்படுத்தல் |
| லூகா–லேமர் | நிரூபணம் | மெர்சென் மட்டும் | இல்லை, மறு ஓட்டம் | வன்பொருள் பிழை |
| ஈசிபிபி | நிரூபணம் | எதற்கும், சில ஆயிரம் இலக்கம் | உண்டு | சிக்கலான நிரல் |
| ஏகேஎஸ் | நிரூபணம் | கோட்பாட்டில் எதற்கும் | இல்லை | நேரமும் நினைவகமும் |

## உங்கள் நிலைமை எது?

எண் 64 பிட்டுக்குள். 12 அடிமான மில்லர்–ராபின் அல்லது பெய்லி–பிஎஸ்டபிள்யூ. இரண்டும் இங்கே முழு உறுதி. மேலே யோசிக்க வேண்டாம்.

சாவிக்காக நீங்களே பகா எண் உருவாக்குகிறீர்கள். 2048 பிட் ஆர்எஸ்ஏவுக்கு 1024 பிட் பகா எண்கள் இரண்டு வேண்டும். அந்த அளவில் சுமார் 710 எண்களுக்கு ஒன்று பகா எண். ஒற்றை எண்களை மட்டும் எடுத்தால் 355-க்கு ஒன்று. 1,000-க்குக் கீழுள்ள பகா எண்களால் முதலில் சலித்தால் 58 அளவுக்கு இறங்கும். சலித்தவற்றுக்கு மில்லர்–ராபின். இங்கே நிரூபணத்துக்கு ஆகும் நேரத்தைவிட, தற்செயல் மூலத்தைச் சரிபார்க்கச் செலவிடும் நேரம் அதிகப் பயன் தரும். நிரூபணமே வேண்டும் என்று விதி இருந்தால், உருவாக்கிய பிறகு சோதிக்காதீர்கள். சிறிய பகா எண்ணிலிருந்து பொக்லிங்டன் வழியாகப் படிப்படியாகப் பெரிதாக்கும் மவுரர் முறையை எடுங்கள். நிரூபணம் கூடவே வந்துவிடும்.

வெளியார் தரும் எண். தற்செயல் அடிமானங்களில் குறைந்தது 40 சுற்று மில்லர்–ராபின், அதோடு பெய்லி–பிஎஸ்டபிள்யூ. எண்ணைத் தருபவரிடமே சான்றிதழ் கேட்க முடிந்தால் கேளுங்கள். தயாரிக்கும் பாரம் அவருடையது, சரிபார்ப்பது மட்டும் உங்களுடையது.

பகா எண் என்று வெளியிடப் போகிறீர்கள். முதலில் பெய்லி–பிஎஸ்டபிள்யூ ஓட்டி வீண்வேலையைத் தவிருங்கள். பிறகு ந − 1-ஐயும் ந + 1-ஐயும் சில நிமிடங்கள் உடைத்துப் பாருங்கள். கனமூலத்தைத் தாண்டிவிட்டால் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் ஈசிபிபி. எண் அதற்கும் அடங்காத அளவில் இருந்தால், “அநேகமாகப் பகா எண்” என்றே எழுதுங்கள்; எந்தச் சோதனை, எந்த அடிமானம், மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து.

டிஃபி–ஹெல்மேன் சாவிப் பரிமாற்றத்துக்கான ‘பாதுகாப்பான’ பகா எண். இங்கே ந மட்டுமல்ல, (ந − 1)/2-உம் பகா எண்ணாக இருக்க வேண்டும். ந-ஐ மட்டும் சோதித்துவிட்டு விடுவதுதான் வழக்கமான தவறு. சிறிய எண்ணான (ந − 1)/2-ஐ முதலில் எடுங்கள். அதை ஈசிபிபியில் நிரூபித்துவிட்டால், ந-க்குத் தனி நிரூபணத்துக்கு ஏறக்குறைய செலவே இல்லை. அந்தப் பாதியே வர்க்கமூலத்தைவிடப் பெரிய கா ஆகிவிடுகிறது. அடிமானம் 2-ஐ எடுத்தால் இரண்டாம் நிபந்தனை 2² − 1 = 3 ந-ஐ வகுக்கக் கூடாது என்பதாகச் சுருங்கும். ஆகவே 2-ஐ ந − 1 அடுக்குக்கு ஒரே ஒரு முறை உயர்த்தி மீதி 1 வருகிறதா, ந 3-ஆல் வகுபடவில்லையா என்று பார்த்தால் போதும். ந = 23-க்கு: பாதி 11, 23-இன் வர்க்கமூலத்தைவிடப் பெரிது; 2²²-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 1; 23 மூன்றால் வகுபடாது. ஈராயிரம் பிட் எண்ணுக்கும் படிகள் இவைதான்.